மீன் சாகவில்லை, நாம் கொல்கிறோம்!



கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் ஐந்தடிகளை ஒட்டிய பழைய கடைவீடுகளில் கண்ணாடித் தொட்டிக்குள் மீன் நீந்தும் காட்சி நமக்குப் புதிதன்று. கடைக்கு அது நல்லூழின் அடையாளம். வகுப்பறைக்கோ அது அறிவியல் பாடம். ஆனால், அந்தப் பாடத்தை நாம் எப்படி நடத்துகிறோம்?

'தொட்டி கழுவும் நாள்' என்று ஒன்று வரும். பழைய நீர் முழுவதும் சாக்கடைக்குப் போகும். குழாய்நீர் நேரே தொட்டிக்குள் பாயும். மறுநாள் காலை மீன்கள் மல்லாந்து மிதக்கும். "அதன் ஆயுள் அவ்வளவுதான்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். எவ்வளவு பெரிய பொய்! நன்கு பேணினால் தங்கமீன் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

"அதே நீரைத்தானே நாமும் குடிக்கிறோம்?" என்று கேட்போர் உண்டு. பினாங்கு மாநில நீரின் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, சுங்கை டுவாவில் தூய்மை செய்யப்படுகிறது. குழாய்நீரில் கலக்கப்படும் குளோரின் நம்மை வாந்திபேதியிலிருந்து காக்கிறது. அதைக் குறைகூறுவது நன்றிகேடு. உலக நலவாழ்வு நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை குளோரினை ஏற்கிறது. நாம் குடிக்கும் குளோரின் வயிற்றுக்குள் சென்று செயலிழந்துவிடும். மீனோ அந்நீரைச் செவுளால் மூச்சாக இழுக்கிறது. லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்கூடப் பல நன்னீர் மீன்களின் செவுளை அரித்துவிடும். நமக்கு மருந்து, மீனுக்கு நஞ்சு. இதில் முரண்பாடு எங்கே?

"பத்து ஆண்டுகளாக இப்படித்தான் ஊற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே!" என்பது அடுத்த வாதம். நம் வீடுகளில் குளியலறைக் குழாய்க்கு நீர் பெரும்பாலும் கூரைத்தொட்டியில் தேங்கியபின் வருகிறது. தேங்கும்போதே குளோரினின் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சமையலறைக் குழாய்க்கோ பெரும்பாலும் தெருக்குழாயிலிருந்து நேரே வருகிறது. குழாய் மாறிய அன்று மீன் மாளும். பத்தாண்டு உங்களைக் காப்பாற்றியது அறிவன்று, கூரைத்தொட்டி!

சரி, என்னதான் செய்வது? குழாய்நீரை வாய் அகன்ற வாளியில் ஒருநாள் வையுங்கள். காற்றுக்குமிழிக் கருவி இருந்தால் இன்னும் நன்று. வாளியை வலைத்துணியால் மூடுங்கள். மறந்துபோன வாளி ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசுக்களின் தொட்டிலாகும். டிங்கிக் காய்ச்சலுக்கு இடங்கொடுத்து மீன் வளர்க்க வேண்டியதில்லை.

ஆனால், குளோரினுடன் அம்மோனியா சேர்ந்த குளோரமின் நீரில் இருந்தால், ஒருநாள் வைத்தாலும் அது போகாது. எது கலக்கப்படுகிறது என்பதை நீர் வழங்கும் நிறுவனத்திடமே கேளுங்கள். இல்லையேல் சோதனைத்தாளால் பாருங்கள்.

அவசரமென்றால், மீன் கடையில் 'ஆண்டி குளோரின்' என்ற பெயரில் விற்கும் சோடியம் தயோசல்பேட் படிகம் போதும். 1 மில்லிகிராம் குளோரினை முறிக்க ஏறத்தாழ 7 மில்லிகிராம் படிகம் வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் உள்ள 20 லிட்டர் நீருக்கு 280 மில்லிகிராம். ஆசிரியர்களே, பெருக்கல் பாடத்திற்கு இதைவிட நல்ல கணக்கு எங்கே கிடைக்கும்? இப்படிகம் குளோரமினை உடைக்கும்போது அம்மோனியா எஞ்சி நிற்கும். அப்போது அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் நீர்மருந்தே தேவை.

முழு நீரையும் ஒருசேர மாற்றாதீர்கள், காற்பங்கு போதும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். மீன் கழிவிலுள்ள அம்மோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக்கும் நுண்ணுயிர்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. குளோரின் அவற்றையும் கொல்லும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள். நண்பகல் வெயிலில் காய்ந்த கூரைத்தொட்டி நீரையும் உடனே ஊற்றாதீர்கள். வெப்பம் ஒத்துவந்தபின் ஊற்றுங்கள்.

இவ்வளவும் இரண்டு வெள்ளி மீனுக்காகவா என்று சிலர் நகைப்பர். விலை இரண்டு வெள்ளிதான். ஆனால், மீன் இறந்ததும் புதியது வாங்கிப் போட்டுவிடும் பழக்கத்தைப் பார்த்து வளரும் பிள்ளை எதைக் கற்கிறது? உயிர் மலிவானது, காரணம் தேட வேண்டியதில்லை, பெரியவர் சொன்னால் அது உண்மை என்ற மூன்று தவறான பாடங்களை! இவற்றை எந்தப் பாடநூலாலும் பிறகு திருத்த முடியாது.

தெளிவாகத் தெரியும் நீரெல்லாம் எல்லா உயிர்க்கும் நல்ல நீரன்று. இதை ஒரு வாளியும் ஒரு சோதனைத்தாளும் கொண்டு பிள்ளைகளே கண்டறியட்டும். வகுப்பறையில் மீன் வளர்க்க விரும்புவோர் முதலில் நீர் வளர்க்கக் கற்போம். அதற்கு மனமில்லையேல், வெறும் தொட்டியே மேல்!