துப்பாக்கிக்கு லைட் தேடிய மாமா... தோட்டத்துக்கு டார்ச் வாங்கிய கதை!

மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தால், பெரும்பாலும் அது முழங்கால் வலிக்கு ஏதாவது நாட்டு மருந்தாக இருக்கும். அன்றைக்கு வந்தது கைத்துப்பாக்கி. அமெரிக்கர் ஒருவர் தீப்பெட்டி அளவுள்ள லைட்டைத் துப்பாக்கிக் குழலுக்கு அடியில் மாட்டி, இருட்டறைக்குள் அடித்துக் காட்டுகிறார். கீழே மாமாவின் மெசேஜ்: "கண்ணு, நீதான் இந்த மாதிரி சாமானெல்லாம் பாத்து எழுதறயே. இதுல எது நல்லதுன்னு சொல்லு."

மாமாவிடம் துப்பாக்கியே கிடையாது. இனிமேல்தான் வாங்கப் போகிறாராம்.

சிரித்துவிட்டு நகர முடியவில்லை. அப்புச்சியும் அம்மிச்சியும் பல்லடம் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு காடு தாண்ட வேண்டும். மாமா திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் பார்க்கிறார். ஷிப்மென்ட் நெருங்கினால் வீட்டுக்கு வருவதே அர்த்த ராத்திரிதான். எங்கள் பக்கம் பாதித் தோட்டங்களின் கதை இதுதான். வெளிச்சமெல்லாம் டவுனில், வயசானவர்களெல்லாம் இருட்டில்.

2024 நவம்பர் கடைசியில், பல்லடம் அருகே சேமலைகவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் இருந்த வயதான தம்பதியும் அவர்கள் மகனும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, 2025 மே தொடக்கத்தில், ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் இன்னொரு தோட்டத்து வீடு, இன்னொரு முதிய தம்பதி. சிவகிரி வழக்கில் கைதானவர்களுக்கே பல்லடம் கொலைகளிலும் தொடர்பு இருப்பதாகப் பிறகு போலீஸ் அறிவித்தது. ஆனாலும் பயம் போகவில்லை. டீக்கடைப் பேச்சு 'ஆளுக்கொரு துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்தா என்ன?' என்பதில் வந்து நின்றது. மாமாவின் வீடியோ அங்கிருந்து வந்ததுதான்.

சரி, கேட்டுவிட்டார். பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் லைசென்ஸ். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. 21 வயது ஆகியிருக்க வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்றிதழ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். பொது இடத்தில் உறைக்குள் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். எடுத்துக் காட்டிப் பயமுறுத்தினாலே குற்றம்.

இதெல்லாம் தாண்டிக் கையில் கிடைப்பது, வீடியோவில் அந்த அமெரிக்கர் வைத்திருக்கிற துப்பாக்கியாக இருக்காது. நம் ஊரில் சாதாரண லைசென்ஸுக்கு வழக்கமாகக் கிடைப்பது .32 ரகம். டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு, 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. எடை சுமார் அரைக் கிலோ. அன்றைய விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல். அந்த லைட்டை மாட்ட வேண்டுமென்றால் குழலுக்கு அடியில் 'ரெயில்' என்ற வரிப்பள்ளம் வேண்டும். இந்த ரிவால்வரில் அது கிடையாது. மாமாவின் கேள்விக்குப் பதில் இங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் எனக்கு வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

துப்பாக்கியில் மாட்டும் லைட், துப்பாக்கி எங்கே பார்க்கிறதோ அங்கேதான் பார்க்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வாசலில் சத்தம். யார் என்று தெரிய வேண்டும். கையில் இருக்கிற ஒரே லைட் துப்பாக்கியில் இருந்தால், 'யாரது?' என்று கேட்பதே குறி வைத்துத்தான் கேட்க முடியும். சுட வேண்டிய அவசியம் இல்லாத எதன் மேலும் குழலைத் திருப்பாதே என்பதுதான் துப்பாக்கிப் பயிற்சியின் முதல் பாடம். இந்த லைட்டை நம்பி ஆளைத் தேடினால் முதல் நொடியிலேயே அந்தப் பாடம் போய்விடும். அதனால்தான் இதை விற்கிற நாடுகளிலேயே, தேடுவதற்குக் கையில் தனியாக ஒரு டார்ச் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இன்னொரு வம்பும் உண்டு. லைட்டின் சுவிட்சும் விசையும் பக்கத்துப் பக்கத்தில். 2010இல் டெக்சாஸின் பிளேனோ நகரில் ஒரு போலீஸ்காரர், லைட்டைப் போடப் போய் விசையை அழுத்திவிட்டதாகச் சொன்னார். எதிரில் இருந்தவர் பிழைக்கவில்லை.

லைட்டே போடாமல் சுட்ட கதையும் உலகத்துக்குத் தெரியும். தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ், 2013 பிப்ரவரி 14 விடியற்காலையில், மூடியிருந்த பாத்ரூம் கதவு வழியாக நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். திருடன் என்று நினைத்தேன், பயத்தில் லைட் போடவில்லை என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்ப்பளித்தது.

நம் சட்டத்திலும் இருட்டுக்கு இடம் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு புகுந்து வருபவரிடமிருந்து காத்துக்கொள்ள உயிர் பறிக்கும் அளவுக்குக்கூட உரிமை தருகிறது. ஆனால் 37ஆம் பிரிவு, தேவைக்கு மிஞ்சிய தீங்கு கூடாது என்கிறது. தேவை எவ்வளவு என்று கணக்குப் போட, எதிரில் நிற்பது யார் என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா?

இதை மாமாவிடம் சொன்னபோது, "நீ ரொம்பப் படிச்சுட்டே" என்றார். அம்மிச்சிதான் குறுக்கே புகுந்தார்: "ஏனப்பா, போன ஐப்பசில நீ வந்தியே, மறந்துருச்சா?"

அன்றைக்கு ஷிப்மென்ட் முடிந்து, போன் சார்ஜ் தீர்ந்து, வண்டியை இட்டேரி முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார் மாமா. சேறு. நாய் குரைத்திருக்கிறது. கட்டுத்தரைப் பக்கம் யாரோ குனிவது தெரிகிறது. அப்புச்சி ஜன்னல் வழியாகத் தன் பழைய மூணு கட்டை டார்ச்சை அடித்தார். மங்கலான மஞ்சள் வெளிச்சம், முகம் தெரியவில்லை. மாமா செருப்பில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டு குனிந்தே இருந்திருக்கிறார். "யாருடா அது?" என்று இரண்டாம் முறை கத்திய பிறகுதான் "நான்தானுங்கப்பா" என்று சத்தம் வந்தது. அப்புச்சியின் இன்னொரு கையில் இருந்தது அரிவாள். வேறெதுவும் இல்லாதது யார் செய்த புண்ணியமோ.

மாமா அதன் பிறகு துப்பாக்கிப் பேச்சை எடுக்கவில்லை. "செரி, டார்ச்சாவது நல்லதா வாங்கு" என்றார். என் உண்மையான ஆராய்ச்சி அப்போதுதான் ஆரம்பித்தது.

டார்ச் டப்பாக்களில் எழுதியிருப்பதில் முக்கால்வாசி கதை. 'ஒரு லட்சம் லூமென்' என்று போட்டு 400 ரூபாய்க்கு விற்கிறார்கள். லூமென் என்பது டார்ச்சிலிருந்து வரும் மொத்த வெளிச்சம். அது எவ்வளவு தூரம் பாயும் என்பதைச் சொல்வது கேண்டெலா. இரண்டையும் நேர்மையாக எழுதியிருக்கும் டப்பாவைத் தேடுங்கள். வீட்டு வாசல், கட்டுத்தரை, கிணற்றடிக்கு 300 முதல் 500 லூமெனே தாராளம். மாமா அனுப்பிய அந்தத் துப்பாக்கி லைட் வகையிலேயே பிரபலமான ஒன்று 500 லூமென்தான்.

தூரக் கணக்கிலும் ஒரு சூட்சுமம். டப்பாவில் '200 மீட்டர்' என்றால், 200 மீட்டர் தள்ளிப் பௌர்ணமி நிலவு அளவுக்கு வெளிச்சம் விழும் என்று மட்டுமே அர்த்தம். ஆள் நிற்கிறார் என்று தெரியும், யார் என்று தெரியாது. முகம் தெரிய வேண்டுமென்றால் எழுதியிருப்பதில் கால்வாசியை வைத்துக்கொள்ளுங்கள். இது நானாகத் தோட்டத்தில் அடித்துப் பார்த்துப் போட்ட கணக்கு.

அடுத்தது பேட்டரி. இப்போது நல்ல டார்ச்சுகளில் வருவது 18650 என்ற லித்தியம் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். அந்த அளவுக்குள் சுமார் 3,500 எம்.ஏ.எச். வரைதான் அடைக்க முடியும். '9,900' என்று எழுதிய செல்லைப் பார்த்தால் பேரம்கூடப் பேசாமல் நகருங்கள். உப்பிய செல், தோல் உரிந்த செல் எதையும் சார்ஜில் போடாதீர்கள்.

சுவிட்ச் ஒன்றே ஒன்று, பெரிதாக, தடவினாலே தெரிகிற மாதிரி. அப்புச்சிக்கு 78 வயது. அழுத்த அழுத்த ஐந்து விதமாக மின்னுகிற டார்ச்சைக் கொடுத்தால், அவசரத்தில் அது கல்யாண மண்டப சீரியல் செட் மாதிரி கண்ணடித்துக்கொண்டிருக்கும். குறைந்த வெளிச்சமும் வேண்டும். வெள்ளைச் சுவர் அறைக்குள் முழு வெளிச்சத்தைப் போட்டால் நம் கண்ணே கூசிவிடும். மழைக்கு ஐ.பி.எக்ஸ். 4 போதும். வாய்க்காலில் விழும் கை என்றால் 7.

இத்தனையும் திருடனுக்காக மட்டுமல்ல. மூணு பேஸ் கரண்ட் ராத்திரியில் வந்தால் அப்புச்சி மோட்டார் ரூமுக்கு நடக்கிறார். கட்டுவிரியன் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். தூரம் பாய்கிற ஒல்லியான வெளிச்சத்தில் கால் அடியில் இருப்பது தெரியாது. நடுவில் கூர்மையும் சுற்றிலும் பரந்த வெளிச்சமும் தருகிற டார்ச்தான் தோட்டத்துக்கு ஆகும். வாங்கும் முன் கடையில் சுவரில் அடித்துப் பாருங்கள். ஒரு சிறு வட்டம் மட்டும் விழுந்தால் வேண்டாம்.

வாசலுக்கு ஆள் நடமாட்டம் தெரிந்தால் எரிகிற சென்சார் லைட் இரண்டு போட்டோம், கை எட்டாத உயரத்தில். முதல் வாரம் மாடு அசைந்ததற்கெல்லாம் எரிந்தது. கோணத்தை மாற்றிய பிறகு சரியானது. வாசல் வெளிச்சமாகவும் வீட்டுக்குள் இருட்டாகவும் இருந்தால், உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. சத்தம் கேட்டால் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பது, சந்தேகம் என்றால் 112க்கு போன் போடுவது என்று அம்மிச்சி இரண்டு முறை சொல்லிக் காட்டினார். அப்புச்சியின் போனில் 'காவல் உதவி' செயலியும் ஏற்றியாயிற்று. அதை அவர் இன்னும் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

புது டார்ச் இப்போது கட்டில் தலைமாட்டு ஆணியில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சார்ஜ் போடுவது அம்மிச்சியின் வேலை. பழைய மூணு கட்டை டார்ச்சை அப்புச்சி தூக்கிப் போடவில்லை, "போச்சாது, அதும்பாட்டுக்கு இருக்கட்டும்" என்றுவிட்டார். மாமா இப்போதெல்லாம் இட்டேரி முனையிலேயே ஹாரன் அடித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.