பிக்கப் வண்டியின் டீசல் பில்டரை யார் மாற்றுவது?

பறித்த தக்காளி வண்டிக்காகக் காத்திருக்காது. ஒட்டன்சத்திரம் போன்ற காய்கறி மார்க்கெட்டுகளுக்குச் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து சரக்கு கொண்டு போவதில் இன்று சிறிய டீசல் பிக்கப் வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பாரத்துடன் மேடு ஏறும்போது வண்டி திணறி நின்றுவிட்டால், வியாபாரிகள் கொள்முதலை முடித்த பிறகு போய்ச் சேரும் பெட்டிகள் அடிமாட்டு விலைக்குத்தான் போகும். இப்படி நிற்கும் வண்டிகள் பலவற்றில் கோளாறு என்ஜினில் இருப்பதில்லை. உரிய காலத்தில் மாற்றாமல் விட்ட டீசல் பில்டரில் இருக்கிறது.

"ஓடுகிற வரை ஓடட்டும், அதெல்லாம் மெக்கானிக் வேலை" என்ற எண்ணம் விவசாயிகளிடையே இருக்கிறது. இது சரியல்ல. கிணற்றிலிருந்து புட்வால்வைத் தூக்கிச் சுத்தம் செய்யவும், ஸ்பிரேயர் நாசிலில் அடைப்பு எடுக்கவும் பழகிய கைகளுக்கு பில்டர் மாற்றுவது பெரிய வித்தை அல்ல.

முன்பு ஓடிய வண்டிகள் கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக் கொண்டன. இப்போதுள்ளவை பொறுப்பதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் புதிதாக விற்கப்படும் வண்டிகள் பி.எஸ். 6 விதிப்படி இருக்க வேண்டும். இவ்வகை டீசல் வண்டிகளில் 'காமன் ரெயில்' முறையில் டீசல் பாய்ச்சப்படுகிறது. பாரம் இழுக்கும்போது அந்தக் குழாயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவையும் தாண்டும். இன்ஜெக்டருக்குள் உள்ள பாகங்களின் இடைவெளியோ சில மைக்ரான்கள்தான். தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால் இந்த இடைவெளி எவ்வளவு நுண்ணியது என்று பார்த்துக் கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத தூசி போதும், இன்ஜெக்டர் தேய்ந்து போகும். பில்டரின் விலை சில நூறு ரூபாய். இன்ஜெக்டர்களை மாற்றுவதென்றால் பல ஆயிரம். ஒரு போகத்து லாபமே அதில் போய்விடக் கூடும்.

தூசியைவிடக் கெட்டது தண்ணீர். டாங்கி பாதி காலியாக இருக்கும் இரவுகளில், உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து துளியாகி டீசலில் இறங்குகிறது. டிராக்டருக்கும் என்ஜினுக்குமாகக் கேனில் வாங்கி வைத்த டீசலிலும் தண்ணீர் சேரும். தண்ணீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கித் துருவை உண்டாக்குகிறது. இரண்டும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான கசடும் உண்டாகும். ஆகவே இரவில் டாங்கியை நிரப்பி நிறுத்துவது நல்லது. கேன் டீசலை ஊற்றும்போது அடியில் உள்ள நாலு விரற்கடையைக் கவிழ்க்காமல் விட்டுவிட வேண்டும்.

பல வண்டிகளில் பில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கத் திருகு உண்டு. அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தால், தண்ணீர் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை மூட வேண்டும். டாஷ்போர்டில் தண்ணீர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், சந்தைக்குப் போய்வந்து பார்க்கலாம் என்று தள்ளிப் போடக் கூடாது.

பழைய பில்டரைப் பெட்ரோலில் அலசிக் காற்றடித்துத் திரும்ப மாட்டுவதைச் சிலர் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். உள்ளே மடித்து வைத்திருப்பது காகிதம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிழிசல் விழுந்தாலும் அது பில்டராக இருப்பதில்லை. பெட்டியில் பெயர் மட்டும் அச்சடித்து வரும் போலிச் சரக்கும் இதே ரகம்தான்.

மாற்றும் முறையில் கவனிக்க வேண்டியவை சிலவே. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். பில்டரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே கழற்ற வேண்டும். பழைய ரப்பர் வளையம் மேலே ஒட்டிக் கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் மீதே புதியதை மாட்டினால் ஒழுகும். புது வளையத்தில் டீசல் தடவி, பில்டரின் மேல் எழுதியுள்ள அளவுக்குக் கையால் முறுக்கினால் போதும். புது பில்டரின் நடுத் துவாரம் வடிகட்டிய டீசல் வெளியேறும் வழி. கேன் டீசலை அதில் ஊற்றினால் அழுக்கு நேராக இன்ஜெக்டருக்குப் போகும். கைப்பம்பு இருந்தால் அதை அழுத்தியும், மின்பம்பு இருந்தால் சாவியைச் சில தடவை திருப்பி வைத்தும் காற்றை வெளியேற்றலாம். செல்பை ஒரே மூச்சாகச் சுற்றக் கூடாது.

பழைய என்ஜின்களில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்று எடுப்பது வழக்கம். அந்த என்ஜினில் தொழில் கற்ற மெக்கானிக் புது வண்டியிலும் அதையே செய்யப் போனால் தடுக்க வேண்டும். காமன் ரெயில் குழாயிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். குண்டூசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

வாரண்டி முடியாத வண்டியை கம்பெனி சர்வீசிலேயே விடுவதுதான் முறை. பில்டர் கை நுழையாத இடத்தில் இருந்தாலும் மெக்கானிக்கை அழைக்கலாம். அப்போதும் எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது என்று எழுதி வைப்பதும், அடுத்தது எப்போது என்று வண்டியின் கையேட்டில் பார்ப்பதும் சொந்தக்காரர் பொறுப்பு. அந்தக் கையேட்டை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்துவிட்டுப் பராமரிப்பில் விவசாயிகளுக்கு அக்கறை இல்லை என்று குறை சொல்வது நியாயமல்ல. சிறு விவசாயிகளை நம்பி வண்டி விற்கும் கம்பெனிகள், தண்ணீர் வடிக்கும் திருகைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, வடிக்கும் முறையைத் தமிழில் படத்துடன் கதவின் உட்பக்கம் ஒட்டித் தரலாம். இதற்குப் பெரிய செலவில்லை.

கழற்றிய பில்டரில் தங்கியிருக்கும் டீசலை வாய்க்கால் ஓரத்திலோ கிணற்று மேட்டிலோ கொட்டாமல், தனி டப்பாவில் வடித்து, கழிவு எண்ணெய் வாங்குபவரிடம் சேர்ப்பது நல்லது.