எதை வெட்டுவது, எதை விடுவது?

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டம், ஓமலூர் வட்டார அரசுப் பள்ளி மாணவர்தம் இல்லங்களுக்கும் கணினியைக் கொண்டு சேர்த்தது. தொடக்கத்தில் வழங்கப்பெற்றவற்றில் விண்டோசுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. அக்காள் பயன்படுத்திய கருவி தம்பியின் கைக்கு வரும்போது வேகம் குன்றியிருக்கும். இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலில் வேண்டாதவற்றை வெட்டினால் வேகம் மீளும் என்று ஆர்வமுள்ள மாணவர் எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணத்தில் பாதிதான் உண்மை.

லினசு டோர்வால்ட்சு 1991இல் ஏறத்தாழ 10,000 வரிகளில் வெளியிட்ட உட்கரு, இன்று 3 கோடி வரிகளைக் கடந்துவிட்டது. அது பருத்துவிட்டதென்று 2009இல் அவரே ஒப்புக்கொண்டார். எனினும் அவ்வளவும் நம் நினைவகத்தை அடைத்துக்கொண்டிருப்பதில்லை. வரிகளுள் பெரும்பகுதி, பல்வேறு வன்பொருள்களுக்கான இயக்கி நிரல்களே. அவற்றுள் பல தனித்தனிக் கூறுகளாக வட்டில் உறங்குகின்றன; உரிய கருவி இருந்தால் மட்டுமே விழித்து நினைவகத்திற்கு வருகின்றன. உறங்குபவற்றை நீக்கினால் வட்டில் இடம் மிஞ்சும்; உட்கருவைத் தொகுக்கும் நேரமும் குறையும். உலாவி விரைந்து திறக்குமா? பெரும்பாலும் இல்லை. பழைய மடிக்கணினியின் தளர்ச்சிக்குக் குறைந்த நினைவகமும் சுழலும் வன்தட்டுமே முதன்மைக் காரணங்கள்.

இழப்போ சிறிதன்று. அந்நேரத்தில் இயங்கும் கூறுகளை மட்டும் கணக்கெடுத்து, மற்றவற்றை விலக்கும் வசதி லினக்சில் உண்டு. கணக்கெடுக்கும்போது கைப்பேசி செருகப்படாதிருந்தால், பின்னொரு நாள் கம்பிவழி அதன் இணையத்தைப் பெற முயல்கையில் கணினி கைவிரித்துவிடக்கூடும். சேலைக்கெனப் பாவு பிணைத்த தறியில் வேட்டி நெய்ய முடியாது என்பதை நம் வட்டாரத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேலும், பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் வழங்குநர் தரும் ஆயத்த உட்கரு இவருக்கு உதவாது. தாமே மீண்டும் தொகுக்க வேண்டும். பழைய கணினியில் அப்பணி மணிக்கணக்கில் நீளும். பொதுத்தேர்வு மாதத்தில் யார் அதைச் செய்வார்?

ஒரே பணிக்கென அமைந்த கருவியின் நிலை வேறு. வீட்டு வழிச்செலுத்தியில் சேமிப்பிடம் சில மெகாபைட்டுகளே; அங்கு வெட்டாமல் தீராது. நிரல் குறையக் குறைய ஊடுருவுவோர்க்கான வழிகளும் குறையும். ஆயினும் வெட்டுதலுக்கும் எல்லையுண்டு. வழிச்செலுத்திகளுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி இயங்குதளமே, 4 மெகாபைட் சேமிப்பிடமும் 32 மெகாபைட் நினைவகமும் மட்டும் கொண்ட கருவிகளைக் கைவிட நேர்ந்தது. உட்கருவை உருவாக்குவோரும் வெட்டத் தயங்குவதில்லை: டோர்வால்ட்சு எந்த 386 வகைச் செயலியில் லினக்சை எழுதத் தொடங்கினாரோ, அவ்வகைக்கான ஆதரவே 2013இல் வெளிவந்த 3.8 பதிப்பில் நீக்கப்பட்டது.

கற்பதற்காக வெட்டிப் பார்க்க விரும்பும் மாணவரைத் தடுப்பது என் நோக்கமன்று; உட்கருவின் அமைப்பை அறிய அதைவிடச் சிறந்த பயிற்சி அரிது. வழங்குநரின் உட்கருவை அழிக்காமல், தாம் தொகுத்ததை அதனருகே நிறுவிக்கொள்ளட்டும். புதியது எழ மறுத்தால், தொடக்கப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்து அன்றைய வீட்டுப்பாடத்தை முடித்துவிடலாம்.