பூட்டிய வீட்டுக்கு ஓர் அலுவலர்

பிரிட்டனின் உள்ளாட்சி அலுவலகங்கள் பலவற்றில் காலி வீட்டு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். பூட்டிக் கிடக்கும் வீட்டின் சொந்தக்காரரைத் தேடிப் பிடிப்பதும், ஏன் பூட்டினார் என்று கேட்டறிவதும், பழுதுபார்க்கக் கடனுக்கு வழி செய்வதும், குடிவரவோ வாங்கவோ ஆள் கொண்டுவந்து சேர்ப்பதும் அவர் வேலை. பெரும்பாலும் ஓர் அலுவலகத்துக்கு ஒருவர்தான். சிக்கலான வீடு கையில் வந்தால் கலந்து பேசப் பக்கத்து மேசையில் ஆள் கிடையாது. அந்தத் தனிமை போவதற்காகவே 2001-ல் அவர்கள் ஒரு தொழில்முறைச் சங்கம் கண்டார்கள். இன்று அதன் பெயர் எம்ப்டி ஹோம்ஸ் நெட்வொர்க். பயிற்சி நடத்துவதும் மாநாடு கூட்டுவதும் ஒருவர் அவிழ்த்த முடிச்சை மற்றவருக்குச் சொல்லித் தருவதும்தான் அதன் பணி. 2023 கணக்கில் இங்கிலாந்தில் மட்டும் ஆறு மாதத்துக்கு மேல் ஆளின்றிக் கிடந்த வீடுகள் 2.6 லட்சம்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகளில் அப்படி ஒரு பதவி இல்லை. வேலை மட்டும் நிறைய இருக்கிறது.

புதுச்சேரிக் கிராமங்களில் வீடு பூட்டிக் கிடக்கும் கதை பாதி பிரெஞ்சுக் கதை. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை ஊர் ‘சொல்தா’ என்று அழைக்கும். பென்ஷன் வாங்கி ஊரிலேயே இருந்த சொல்தாவின் பிள்ளைகள் பாரிஸுக்குப் போனார்கள். பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். பெரியவர் கண்ணை மூடியதும் வீட்டுக்குப் பூட்டு விழுந்தது. பாஸ்போர்ட் நிறம் எதுவானாலும் மற்ற வீடுகளின் கதையும் ஏறத்தாழ இதுதான்: வளைகுடா, சிங்கப்பூர், சென்னை, அல்லது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரி நகரத்து அடுக்ககம்.

பூட்டைத் திறக்க ஆசை இல்லாமல் இல்லை. கையெழுத்துகள் சேர்வதில்லை. தாத்தா பெயரில் நிற்கும் பத்திரத்துக்கு வாரிசுகள் ஏழு பேர் என்றால், மூன்று பேர் பிரான்சில், ஒருவர் ரியூனியன் தீவில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை. வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவரிடம் வீடு வாங்குகிறவரோ விலையிலிருந்து வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அது தெரியாமல் முன்பணம் கொடுத்தவர் பின்னால் தவிக்கிறார். வீட்டோடு ஒட்டி நஞ்சை இருந்தால் இன்னொரு வேலி உண்டு. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விளைநிலத்தை வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. விற்றால் இங்கே வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும்.

புதுச்சேரிக்கே உரிய முடிச்சும் ஒன்று இருக்கிறது. 1881-ல் வந்த பிரெஞ்சு ஆணையின்படி தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வந்தவர்களை ‘ரெனோன்சான்’ என்பார்கள். அவர்கள் வழிவந்தோரின் வாரிசுரிமைக்கு அந்தச் சட்டமே இன்றும் பேசப்படுகிறது. அதன்படி, பிள்ளைகளை முற்றிலும் ஒதுக்கிவிட்டு உயில் எழுத முடியாது. ஆகவே ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு இரண்டு வாரிசுச் சட்டங்கள் இருக்கலாம். இதை விளக்க நல்ல வழக்கறிஞர் கிடைப்பார். ஆனால் யாராவது அவரிடம் போனால்தானே.

காகிதம் காத்திருக்கும், கட்டடம் காத்திருக்காது. நாட்டு ஓட்டில் நாலு ஓடு நழுவினால் போதும், ஒரே ஐப்பசி கார்த்திகையில் கைமரம் நனைந்து உளுத்துவிடும். சுண்ணாம்புச் சுவரில் காக்கை போட்ட அரசங்கன்று ஐந்து வருடத்தில் சுவரைப் பிளந்துவிடும். 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயல் பறக்கடித்த ஓடுகளைக் குடியிருந்தவர்கள் மறுவாரமே மாற்றினார்கள்; பூட்டிய வீட்டில் மாற்ற ஆளில்லை. 2024-ல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கம் ஊர்களுக்குள் புகுந்தது. கதவு திறந்து சேற்றை வாரி, சுவரைக் காயவிட வேண்டிய வீட்டில் சாவியே வெளிநாட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஊர் அறிந்த ஒரே ஏற்பாடு.

அடாவடியாகத் திறக்கும் வழியும் உலகில் உண்டு. 2004-ம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், நெடுநாள் காலியாக உள்ள வீட்டின் நிர்வாகத்தை உள்ளாட்சியே சில ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ள இங்கிலாந்தில் இடம் தருகிறது. சொத்துரிமை மட்டும் சொந்தக்காரரிடமே இருக்கும். நடைமுறையில் இந்த அதிகாரம் அரிதாகவே பயன்பட்டது. அதைச் சுட்டிக்காட்டி, பேசிப் பேசியே திறக்கவைப்பதில்தான் அலுவலரின் சாமர்த்தியம் இருக்கிறது. பிரான்சில் வீட்டு நெருக்கடி மிகுந்த ஊர்களில் காலி வீட்டுக்குத் தனி வரி உண்டு. ஜப்பானில் 2023-ல் 90 லட்சம் வீடுகள் காலி. அங்கே பல உள்ளாட்சிகள் ‘அகியா வங்கி’ என்ற பட்டியலில் அவற்றைக் காட்டி ஆள் தேடித் தருகின்றன.

இந்தியாவிலும் இது சின்னக் கணக்கு அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 33 கோடிக் கட்டடங்களில் 2.47 கோடி காலியாக இருந்தன. மறு ஆண்டில் நிபுணர் குழு ஒன்று நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என்றது. இரண்டு எண்ணும் இருந்தும், ஒன்றை மற்றொன்றோடு சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு எந்த மேசைக்கும் தரப்படவில்லை.

புதுச்சேரி நகரத்தில் பழைய வீட்டைக் காக்கும் கைப்பழக்கம் இருக்கிறது. பாரம்பரியம் காக்கும் இன்டாக் அமைப்பும் நகராட்சியும் ஐரோப்பிய நிதியுதவியோடு வைசியாள் வீதியின் திண்ணை வீடுகளின் முகப்புகளைச் சீரமைத்தன. 2008-ல் அந்தப் பணிக்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. அழகு பார்க்கும் அந்தக் கண் வில்லியனூருக்கு அப்பால் போவதில்லை. கிராமத்து ஓட்டு வீடு பாரம்பரியச் சின்னமாக வேண்டாம், ஒரு குடும்பம் குடியிருந்தால் போதும்.

அதற்கான பதிவேடு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்திலேயே இருக்கிறது. எந்த வீட்டுக்கு எத்தனை வருடமாக வீட்டுவரி வரவில்லை என்பதே பூட்டிய வீடுகளின் முதல் பட்டியல். கொம்யூனுக்கு ஓர் ஆள் அதை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தால் வேலை தொடங்கிவிடும். புதுச்சேரிப் பகுதியின் ஐந்து கொம்யூனுக்கு ஐந்து பேர் சேர்ந்தால் அதுவே இங்குள்ள சங்கம். அந்த ஆளை நியமிக்கச் சொல்லித் தீர்மானம் போட வேண்டியது மக்கள் தேர்ந்தெடுத்த கொம்யூன் மன்றம். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது.