மந்த இணைப்பும் கட்டற்ற மென்பொருளும்

விலை கொடுத்து வாங்கவேண்டாத, எவரும் பிரித்துப் பார்த்துத் திருத்திப் பிறருக்கு வழங்கத்தக்க இயங்குதளம் என்று லினக்ஸைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரசாரம் நடந்து வருகிறது. அந்தப் பிரசாரத்தில் பொய் ஏதும் இல்லை. ஆனால், அதை ஒருமுறை நிறுவிக்கொண்டவர், அதன்பின் வாரந்தோறும் வெளிவரும் திருத்தங்களைத் தம் கணினிக்குள் கொண்டு சேர்ப்பதற்கு ஆகும் செலவையும் காலத்தையும் யார் ஏற்பது என்ற கேள்வியைப் பிரசாரகர்கள் அதிகமாக எழுப்புவதில்லை. அந்தப் பாரம் முழுவதும் பெறுபவர் தலையில்தான் விழுகிறது. அதிலும், இணைப்பு எவ்வளவு மந்தமோ அவ்வளவு கனமாக விழுகிறது. இதைக் குறைக்கும் பொறுப்பு மென்பொருளை ஆக்குவோருக்கு உண்டு. நம் நாட்டுக் கல்வி ஸ்தாபனங்களுக்கு அதைவிட அதிகமாகவே உண்டு என்பது நமது அபிப்பிராயம்.

2004-ல் உபுண்டு என்ற லினக்ஸ் வகை முதன்முதலாக வெளிவந்தபோது அது 700 மெகாபைட் கொள்ளும் ஒரே குறுவட்டில் அடங்கியது. விண்ணப்பித்தவர்களுக்கு, உலகின் எந்த மூலையில் இருந்தாலும், அந்த வட்டைத் தபால் செலவுகூட வாங்காமல் 2011 வரை அனுப்பியும் வந்தார்கள். மாதப் பத்திரிகையோடு ஒட்டிவரும் வட்டுக்காகவே பத்திரிகை வாங்கியவர்களும், நண்பரிடம் இரவல் வாங்கி நகல் எடுத்துக்கொண்டவர்களும் நம்மிடையே ஏராளம். இன்று தபாலும் இல்லை, வட்டும் இல்லை. 2024-ல் வந்த உபுண்டு 24.04-இன் நிறுவு கோப்பு ஏறக்குறைய 6 ஜிகாபைட். நம் மத்திய அரசு 2004-ல் 256 கிலோபிட் வேகத்தையே அகலப்பட்டை என்று ஒப்புக்கொண்டது. 2023-ல்தான் அந்தக் குறைந்தபட்ச வரம்பை 2 மெகாபிட்டாக உயர்த்தியது. அரசாங்கம் விதித்த அந்த வேகம் நொடியும் குறையாமல் கிடைப்பதாகவே வைத்துக்கொண்டாலும், 6 ஜிகாபைட் வந்து சேர ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கைப்பேசியின் இணைப்பைக் கணினிக்குக் கொடுத்துக் காலம் தள்ளுகிறவரின் நிலை இன்னும் பரிதாபமானது. நாளுக்கு ஒன்றரை ஜிபி என்ற கணக்குத் தீர்ந்தவுடன் பல திட்டங்களில் வேகம் 64 கிலோபிட்டாக இறங்கிவிடுகிறது. அந்த வேகத்தில் 100 மெகாபைட் திருத்தம் ஒன்றை இறக்குவதற்கு மூன்றரை மணி நேரம் வேண்டும். இடையில் மின்சாரம் போகாதிருந்தால்!

இவ்வளவு சிரமப்பட்டுப் புதுப்பிக்கத்தான் வேண்டுமா, ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிடலாகாதா என்று கேட்போர் உண்டு. விண்டோஸ் கணினிகளைப் பீடித்த வான்னாகிரை என்ற நாசநிரல் 2017 மே மாதத்தில் இங்கிலாந்து மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அதற்கான திருத்தமோ அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியாகிவிட்டது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் திருத்தம் போய்ச் சேராத இயந்திரங்கள்தாம் பெரும்பாலும் வீழ்ந்தன. லினக்ஸும் இவ்விஷயத்தில் விதிவிலக்கன்று. 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது கலங்காத நிர்வாகி இல்லை. ஆகவே பாதுகாப்புத் திருத்தம் என்பது ஆடம்பரம் அன்று. ஆனால் புதிது புதிதாகப் பதிப்பு மாற்றிக்கொண்டே இருக்கும் மோகம் ஆடம்பரந்தான் என்பதையும் உடன் சொல்லவேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலைப்பதிப்பில், மென்பொருளின் பதிப்பை மாற்றாமல், ஓட்டையை மட்டும் அடைத்துத் தருவதே பொதுவான வழக்கம். மந்த இணைப்பு உள்ளவர்களுக்கு அதுவே உகந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்-இஸட் என்ற சுருக்கு நிரலுக்குள் யாரோ ஒளித்துவைத்த கள்ளக்கதவு அம்பலமானபோது, புதுமையை நாடியோரின் சோதனைப் பதிப்புகளில் அது புகுந்திருந்தது. டெபியனின் நிலைப்பதிப்பில் புகவில்லை.

இனி இந்தப் பாரத்தின் மூல காரணத்துக்கு வருவோம். ஒரு நிரலில் பத்து வரி மாறினாலும் அந்த நிரலடங்கிய பொதி முழுவதையும் மறுபடி இறக்கவேண்டும் என்பதே இன்றைய பொது ஏற்பாடு. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ஒரு சிறு ஓட்டையை அடைப்பதற்கு அறுபது மெகாபைட்டுக்கு மேல் வருவது, புத்தகத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த முழுப் புத்தகத்தையும் மறுபடி அச்சிட்டு அனுப்புவதற்கு ஒப்பானது. மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் வித்தை அறியப்படாததும் அன்று. ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத்துக்காகக் காலின் பெர்சிவல் 2003-லேயே, பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் மிகச் சிறிதாகச் சுருக்கித் தரும் பிஎஸ்டிஃப் என்னும் கருவியை எழுதினார். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையும் 2009-ல் வெளிவந்த 11-ஆம் பதிப்பு முதல் வேறுபாட்டுப் பொதிகளைத் தயாரித்து வழங்கிற்று. 2024-ல், 40-ஆம் பதிப்போடு, அவற்றைக் கைவிட்டுவிட்டது.

கைவிட்டதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் போலியானவை அல்ல. வேறுபாட்டுப் பொதி மிகச் சில மென்பொருள்களுக்கே கிடைத்தது. கிடைத்ததைக் கொண்டு பழைய பொதியைப் புதியதாக மாற்றுவதற்குக் கணினி நெடுநேரம் உழைக்கவேண்டியிருந்தது. அந்த உழைப்பும் சில சமயங்களில் தோற்று, கடைசியில் முழுப் பொதியையும் இறக்க நேர்ந்தது. இவையெல்லாம் உண்மையே. எனினும் ஓர் ஏற்பாட்டின் குறையைக் கண்டு அந்த ஏற்பாட்டையே ஒழித்துவிட்டு, அதனிடத்தில் வேறொன்றையும் வைக்காமல் விட்டதை நாம் ஏற்பதற்கில்லை. தீர்மானம் செய்கிறவர்களின் வீட்டில் இணைப்பு வேகமாக இருப்பதால், குறையைச் சீர்திருத்துவதைவிட ஒழிப்பது அவர்களுக்கு எளிதாகத் தோன்றிவிடுகிறது. ஐந்தாம் தலைமுறை அலைவரிசை வந்துவிட்டது, இனி இந்தப் பிரச்சினையே இராது என்பாரும் உண்டு. வேகம் கூடக் கூட மென்பொருளின் பருமனும் கூடிக்கொண்டே போவதை 700 மெகாபைட் 6 ஜிகாபைட்டான சரித்திரம் காட்டுகிறது. முன்னே ஓடுகிறவர்களை அளவாக வைத்துப் பாதை போட்டால், பின்னே வருகிறவர்கள் என்றைக்கும் பின்னேதான்.

நல்ல வேளையாக, தூரத்து நாட்டார் மனம் மாறும்வரை நாம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. டெபியன் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு விசேஷம் உண்டு; பொதிகளின் பட்டியலுக்கு ஆக்கியோரின் மின்கையொப்பமும், பட்டியலிலுள்ள ஒவ்வொரு பொதிக்கும் சரிபார்ப்பு எண்ணும் இருப்பதால், அந்தப் பொதி அமெரிக்காவிலிருந்து நேரே வந்ததா, அடுத்த தெரு நண்பரின் பென்டிரைவில் வந்ததா என்பது பொருட்டே இல்லை. அந்தப் பட்டியலோடு ஒத்துப்பார்த்து நிறுவும்போது, இடையில் எவரேனும் ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் கணினி ஏற்க மறுத்துவிடும். கொண்டுவருபவரை நம்பவேண்டிய அவசியமே இல்லாத இத்தகைய ஏற்பாடு இருக்கும்போது, ஒவ்வொருவரும் தனித்தனியே கடல் கடந்து இறக்கிக்கொண்டிருப்பது வீண் பிரயாசை. ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவி, இணைப்பில்லாத கணினிக்கு என்னென்ன தேவை என்று குறித்துக்கொடுக்கும். அந்தக் குறிப்பை வேகமான இணைப்புள்ள இடத்துக்கு எடுத்துச் சென்று, வேண்டியவற்றை இறக்கிவந்து நிறுவிக்கொள்ளலாம். இதற்காகக் கணிப்பொறி நிபுணராக வேண்டியதில்லை.

ஆனால் தனி மனிதர்கள் பென்டிரைவோடு அலைவதை நிரந்தரப் பரிகாரமாக நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். தேசிய அறிவு வலைப்பின்னல் என்ற பெயரில், பொது மக்களின் பணத்தில் நம் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் அதிவேக இணைப்பால் பிணைக்கப்பட்டுள்ளன. அவ்விணைப்பைப் பெற்ற ஒவ்வொரு ஸ்தாபனமும் முக்கிய லினக்ஸ் பதிப்புகளின் முழுப் பிரதியைத் தன் சர்வரில் வைத்து வெளியாருக்கும் திறந்துவிடுவதோடு, பென்டிரைவோடு வாசலுக்கு வருகிறவருக்கும் நகல் எடுத்துக்கொள்ள இடம் தரவேண்டும். சென்னை, கான்பூர் ஐ.ஐ.டி.க்கள் இத்தகைய பிரதிகளை வைத்துக் காட்டியவை. மற்றவை பின்பற்றாததற்குச் சொல்லத்தக்க நியாயம் ஒன்றுமில்லை. பள்ளிகளின் விஷயத்தில் கேரளம் ஒரு படி முன்னே சென்றிருக்கிறது. அங்கே அரசு அமைப்பான கைட், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தைத் தானே தொகுத்துப் பள்ளிகளுக்கு அளிக்கிறது.

நம் பள்ளிகளில் லினக்ஸ் இயங்கும் ஆய்வகம் ஒன்றில் இருபது கணினிகள் இருக்குமானால், இருபதும் ஒரே பொதியை ஒரே மெல்லிய கம்பி வழியே இருபது முறை இழுக்கின்றன. முதல் கணினி கேட்ட பொதியைச் சேமித்துவைத்து மற்றப் பத்தொன்பதுக்கும் உள்ளூரிலேயே வழங்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற மென்பொருள் டெபியனோடு இலவசமாகவே வருகிறது. அதற்கு வேண்டியவை ஒரு பழைய கணினியும், ஓரளவு பெரிய வட்டும், அதை யாரும் அணைத்துவிடாதிருக்க ஓர் உத்தரவும். அந்த உத்தரவைப் பள்ளிக் கல்வித்துறை வரும் கல்வியாண்டு தொடங்குமுன் பிறப்பிக்க வேண்டும்.