மகரந்தத்தின் மேல் ஏற்றப்படும் பழி

ஆண்டுதோறும் தசராவின்போது குப்பண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி காணும் மைசூருவிலும், வீட்டு மஞ்சள் ரோஜா திடீரென இளஞ்சிவப்பாகப் பூத்தால், கற்றோர் கூறும் காரணம் இரண்டே: பக்கத்துச் செடியோடு கலந்துவிட்டது, அல்லது நாற்று விற்றவர் ஏமாற்றிவிட்டார். (பாலுக்கும் மணத்துக்கும் பூவுக்கும் 'கலப்பு' என்னும் சொல் ஒரே முகச்சுளிப்போடு வழங்குவது தனியே ஆராயத்தக்கது.)

முதற்கூற்று அடிப்படையிலேயே பிழை. இதழ் என்பது தாய்ச்செடியின் உடல். அயல் மகரந்தம் வந்து சேருமுன்பே அதன் நிறம் மொட்டில் அமைந்துவிடுகிறது. கலப்பின் விளைவு விதைக்குள் இருக்கும். அவ்விதை முளைத்து வளர்ந்து பூக்கும்போதுதான் வெளிப்படும்.

இரண்டாவது, பெரும்பாலும் அநீதி. கடைகளில் விற்கப்படும் ரோஜாக்களில் பல ஒட்டுச்செடிகள். மேலே ஒட்டிய வகை நலிந்தால், கீழிருக்கும் வேர்ச்செடி தளிர்விட்டுத் தன் சொந்தப் பூவைப் பூக்கும். ஒட்டுக்குக் கீழே கிளைத்ததைக் கிள்ளாமல் விட்டவர் வீட்டுக்காரர், பழியோ நாற்றுக்காரருக்கு.

ஹைட்ரேஞ்சியாவின் கதை வேறு. நீலகிரியின் அமில மண்ணில் கரையும் அலுமினியம் வேர்வழி ஏறி அதன் பூவை நீலமாக்குகிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். உதகையில் நீலமாகக் கண்டு வாங்கியது மைசூருவில் நிறம் மாறினால், சோதிக்க வேண்டியது தொட்டி மண்ணை. விற்றவரின் நேர்மையை அன்று.