உடும்புத் தோலும் உடும்புப் பிடியும்

கஞ்சிரா வாங்கப் போகிறவருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான்: "அடி நாதம் நல்லா வேணுமா? உடும்புத் தோல்தான். ஆட்டுத் தோல் எல்லாம் பழகுறதுக்கு!" அவரும் தலையாட்டிவிட்டுத் தேடக் கிளம்பிவிடுவார். அது சட்டப்படி குற்றம் என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இருக்காது.

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. புலி இருக்கும் அதே பட்டியல்! வேட்டையாடினாலும், தோலை விற்றாலும் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

உடனே வரும் பதில், "பாரம்பரியம் என்ன ஆவது?" சரி, பாரம்பரியத்தையே பார்ப்போம். பஜனையில் தட்டப்பட்டு வந்த கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கிக் கொடுத்தவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தார். குரு செய்தது என்ன? மேடைக்கே வராத ஒரு வாத்தியத்தை மேடையேற்றியது. புதுமை செய்தவரின் பெயரைச் சொல்லியே புதுமையைத் தடுப்பது எந்த ஊர் நியாயம்?

இனி நாதத்துக்கு வருவோம். கஞ்சிராவில் சுருதி கூட்டக் கட்டையோ வாரோ கிடையாது. பலா மரச் சட்டத்தில் ஒட்டிய தோல், அவ்வளவுதான். உள்பக்கம் தண்ணீர் தடவினால் தோல் தளரும், நாதம் இறங்கும். இழுவிசை நாலில் ஒரு பங்கானால் அதிர்வெண் பாதியாகும், அதாவது ஒரு ஸ்தாயி கீழே போகும். சட்டத்தின் விட்டத்தைக் கூட்டினாலும் நாதம் இறங்கும். கும்கியோ, இடது கை விரல்கள் தோலை அழுத்தித் தளர்த்துவதில் பிறப்பது. இந்தக் கணக்கில் எங்காவது உடும்பு வருகிறதா?

நியாயமான ஒரு வாதம் உண்டு. உடும்புத் தோல் மெல்லியது, உறுதியானது, ஈரத்துக்குச் சட்டென்று இசையும். ஆட்டுத் தோல் அப்படி இல்லை. உண்மைதான். ஆனால் அது தோலைப் பதப்படுத்துகிறவரும் வாத்தியம் செய்கிறவரும் தீர்க்க வேண்டிய கணக்கு. ஒரு ஊர்வன அதற்கு உயிரை விட வேண்டியதில்லை.

மேல்நாட்டு வைப்ரஃபோனைப் பாருங்கள். உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் அந்த வாத்தியத்துக்கு வழக்கமாக 3 ஸ்தாயிதான். இன்னும் கீழே வேண்டும் என்று வாசிப்பவர்கள் கேட்டார்கள். பட்டறைக்காரர்கள் பட்டையை நீட்டி, அடியிலுள்ள குழாயையும் நீளமாக்கி, மூன்றரை ஸ்தாயியும் 4 ஸ்தாயியும் கொண்டவற்றைச் செய்தார்கள். அடி நாதம் பட்டறையில் கிடைத்தது, காட்டில் அல்ல!

புதுக்கோட்டையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் வேறு வேறு விட்டங்களில் கஞ்சிரா செய்து, வாசித்து, ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை அந்த ஊரே தொடங்கலாம். சபாக்களும் ஒரு வரி அறிவிக்கலாம்: "இந்த மேடையில் உடும்புத் தோல் கிடையாது." வாங்க ஆளில்லாமல் போனால் பிடிக்கவும் ஆளிருக்காது.

உடும்பு பிடித்தால் விடாது என்பார்கள். இங்கே உடும்பை விடாமல் பிடித்திருப்பது மனிதர்கள். முதலில் கையை எடுங்கள்... நாதம் எங்கேயும் ஓடிவிடாது.